கூண்டு வாங்கிய நாற்பது நிமிடம்

1.
ஓர் உயிரின் விலை ஆயிரத்து நூறு. கூண்டுக் கடைக்காரர் சொன்னது நாலாயிரத்து இருநூறு, படிந்தது மூவாயிரத்து நூறு. நடுவில் நிற்கும் வித்தியாசம்தான் அது. இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது? யாரோ சொல்லக் கேட்டேன். (பொய். பிறகு சொல்கிறேன்.)

2.
முதல் தொடக்கம்: விடுமுறையின் முதல் காலை, வெயில் சிரித்துக்கொண்டு

[அடித்துவிட்டேன். வெயில் சிரிக்கவில்லை.]

இரண்டாவது: பாத்திரக்கடைக்காரரின் மனைவி, நாயோடு ஊருக்குப் போக மூன்று வாரமாகப் பட்டியல் போட்டாள். தண்ணீர்க் கிண்ணம், தடுப்பூசிச் சீட்டு, கழுத்துப்பட்டையில் கைபேசி எண், எல்லாம் ஆயிற்று. பிரேக் போட்டால் உருண்டு விழாமலிருக்கக் கூண்டு ஒன்றுதான் பாக்கி. நாயின் பெயர் முதலாளி. வீட்டில் வேலை செய்யாமல் சாப்பிடுவது அது மட்டும்தான் என்று கணவர் வைத்த பெயர்.

கடைத்தெருவில் வண்டியை நிறுத்தினார்கள். கண்ணாடியை இறக்கிவைத்தால் நாய் குதித்துவிடும் என்று எல்லாவற்றையும் முழுக்க ஏற்றினார் கணவர். அஞ்சே நிமிஷம் என்றார். இருவரும் கூண்டுக் கடைக்குள் போனார்கள்.

3.
கணவரை முதல் பிரதியில் கல்நெஞ்சக்காரராக எழுதினேன். நிற்கவில்லை. முதலாளிக்குத் தன் தட்டிலிருந்து ஊட்டுகிற மனிதர் அவர். ஆனால் பேரம் அறிந்தவர். அவசரத்தைக் காட்டியவன் தோற்றான் என்பது எங்கள் கூட்டத்தில் பல் முளைக்கும் முன்பே கற்கிற பாடம்.

இருபதாவது நிமிடம் அவள் தாங்காமல் சொன்னாள்: "என்னங்க, முதலாளி வண்டியில இருக்கு."

மேஜைக்கடியில் அவள் கையை அழுத்தினார். வாயை மூடு என்று அர்த்தம். மூடினாள். அதற்காக அவளைக் கோபிக்க நினைத்து, மூன்று பக்கம் எழுதி, கிழித்தேன்.

அடுத்து, வேண்டாம் என்று எழுந்து போகும் கட்டம். வாசல்வரை போகலாம், படி இறங்கக்கூடாது. இறங்கினால் திரும்ப வருவது இழுக்கு. முதுகைக் காட்டியபடி, கடைக்காரர் கூப்பிடக் காத்து நின்றார்கள். வண்டி பத்தடியில் இருந்தது. கண்ணாடியில் வெயில் பளபளத்ததால் உள்ளே தெரியவில்லை.

கடைக்காரர் உடனே கூப்பிடவில்லை.*

* ஏன்? அவர் காதில் "வண்டியில இருக்கு" விழுந்திருந்தது. அவசரம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு நேரம் தாங்குவார்கள் என்று பார்த்தார்.

4.
முடிவு அ: கதவைத் திறந்ததும் முதலாளி குரைக்கிறது.
முடிவு ஆ: தெருவில் போன எவனோ கல்லெடுத்துக் கண்ணாடியை உடைக்கிறான், கணவர் கண்ணாடிக்கு நஷ்டஈடு கேட்டு அவனோடு மல்லுக்கு நிற்கிறார், காலடியில் முதலாளி தண்ணீர் குடிக்கிறது.
முடிவு இ: கூண்டைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வருகிறார்கள். அவள்தான் கதவைத்

(இதற்குமேல் எழுத வரவில்லை.)

5.
மறுநாள் அவள் மட்டும் வந்தாள். கூண்டைக் கடை வாசலில் வைத்தாள், பிரிக்காத கயிற்றோடு. காசு கேட்கவில்லை.

"வித்த சரக்கைத் திருப்பி எடுக்கிற வழக்கம் நம்ம கடையில இல்லம்மா" என்றார் கடைக்காரர்.

"அப்ப நீங்களே உள்ள உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் என் அப்பா. கல்லாவில் உட்கார்ந்திருந்தது நான். முதல் நாள் அவள் "வண்டியில இருக்கு" என்று சொன்னது என் காதிலும்தான் விழுந்தது.

அ, ஆ, இ: எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், பேரம் கிடையாது. எங்கள் கணக்கு இது:

அவர்கள் குறைத்தது: ஆயிரத்து நூறு.
எங்களுக்கு லாபம்: அறுநூறு.
கூண்டு: ஒன்று, கைவசம்.
முதலாளி: பற்று. வரவில்லை.