துரவுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்

வத்சலாவின் கைக்குத் துவாலு வந்தது. அருள்நாயகியின் கைக்குச் சுவிற்சர்லாந்து வந்தது.

சட்டன் என்ற ஆங்கிலேய ஊரில் செவ்வாய்தோறும் மாலையில் நடக்கும் புவியியல் வகுப்பு அது. ஆசிரியை மிஸிஸ் ஹோல்ட் நாடுகளின் பெயர்களைத் துண்டுகளில் எழுதி, ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போட்டுக் குலுக்கி நீட்டினார். ஆறு வாரம் கழித்து ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த நாட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். எல்லோரிலும் நன்றாகப் பேசும் ஒருவருக்கு ஜனவரியில் பகல்நேரப் படிப்பில் இடம். கட்டணத்தைக் கவுன்சில் பார்த்துக்கொள்ளும். ஒரேயொரு இடம். மிட்சம் என்ற பக்கத்து ஊரில் ஒரு சலவைக்கடையில் நாள் முழுதும் நீராவிக்குள் நின்று சட்டைகளுக்கு இஸ்திரி போடும் அருள்நாயகி, வேறெதையும் இவ்வளவு விரும்பியதில்லை.

"துவாலு எண்டா எங்கை கிடக்குது?" என்று வத்சலா மெல்லக் கேட்டாள். "சின்ன நாடு போல. வேலை குறைவு."

மாற்றிக்கொள்வோமா என்று அருள்நாயகி கேட்டுப் பார்த்தாள். வத்சலா துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள்.

தனக்கு ஏன் துவாலு வேண்டும் என்று அருள்நாயகியால் சொல்லவும் முடியாது. முதல் நாள் இடைவேளையில் வத்சலா ஒரு கடைக்காரரைப் பற்றிப் பேசும்போது, "அவர் தீவார்தானே, பிறகென்ன" என்று, தீவுக்காரர் என்றாலே இளக்காரம் போல, சிரித்தாள். தான் நல்லூர் என்றாள். அதே மூச்சில் "நீர் எவடம்?" என்றும் கேட்டாள். எழுவைதீவில் பிறந்து வளர்ந்த அருள்நாயகி, "ரவுண்" என்று, நகரத்தில் பிறந்தவள் போல, சொல்லிவிட்டாள். எதையும் கொப்பியில் எழுதிவைப்பது அவள் பழக்கம்: தேதி, ஏறிய பஸ், கற்றது, பிழைவிட்டது. பிழைவிட்ட பகுதிதான் எப்போதும் நீளம். அன்று "ரவுண்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள்.

சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போனாள். சுவிற்சர்லாந்துப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பசிபிக் புத்தகத்தை வாசித்தாள். ஆறாம் வாரம் எண்ணிப் பார்த்தபோது சுவிற்சர்லாந்துக்கு இரண்டு பக்கம், துவாலுவுக்குப் பதினேழு. "மற்றவளுடைய நாட்டை நான் ஏன் படிக்கிறேன்?" என்று எழுதினாள். பதிலை எழுத வெட்கமாக இருந்தது.

வத்சலா நீல அட்டையொன்றில் வெள்ளை மணலால் தீவுகளை ஒட்டிக் கொண்டுவந்தாள். ஓரிடத்திலும் தடுமாறாத ஆங்கிலம். தீவுகள் ஒன்பது, ஆனால் நாட்டின் பெயருக்கு எட்டுப் பேர் சேர்ந்து நிற்பது என்று பொருள், ஏனென்றால் ஒன்பதாவதில் முன்பு ஆட்கள் குடியிருக்கவில்லை. நிலம் கடலுக்கு மேலே ஓர் ஆள் உயரம், மிஞ்சினால் மூன்று ஆள் உயரம். பாராளுமன்றத்தில் பன்னிரண்டு பேர், கட்சி கிடையாது. வருமானம் கொப்பரா, தபால் முத்திரை, அந்நிய மீன்பிடிக் கப்பல்கள் கட்டும் அனுமதிப் பணம், கப்பலுக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் காசு. அடுத்த வசனம் என்னவென்று அருள்நாயகிக்கு ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே தெரிந்தது. தன் வீட்டு அலுமாரியை வேறொருத்தி திறந்து ஊருக்குக் காட்டுவது போல எரிந்தது.

"பக்கத்துத் தீவுக்கூட்டத்தோடு ஒரே ஆட்சியில் இருந்தார்கள்," என்று வத்சலா வாசித்தாள். "அவர்கள் வேறு இனம், வேறு மொழி. பிரிவதா என்று வாக்கெடுத்தார்கள். பிரிந்தார்கள்." அந்த இடத்தில் அவள் குரல் இறங்கியது. தாளிலிருந்து நிமிர்ந்து அருள்நாயகியைப் பார்த்தாள். அந்த ஒரு கணம் அருள்நாயகிக்கு அவள்மேல் பொறாமை இல்லை. இருவருக்குமே, சண்டையில்லாமல் வாக்கால் பிரிந்துபோன அந்த ஒன்பதாயிரம் துவாலுக்காரர்மேல்தான் பொறாமை.

ஆறும் குளமும் இல்லாத இடத்தில் மழை பொய்த்தால் குடிக்க என்ன செய்வார்கள் என்று மிஸிஸ் ஹோல்ட் கேட்டார். வத்சலா யோசிக்கவேயில்லை. கிணற்றை இன்னும் ஆழமாகத் தோண்டுவார்கள் என்றாள். நல்லூரில் அதுதானே செய்வார்கள். மிஸிஸ் ஹோல்ட் அதைப் பலகையில் எழுதினார்.

அருள்நாயகியின் கை தானாக உயர்ந்தது. உதவ வேண்டும் என்றல்ல. பலகையிலுள்ள அந்தப் பிழை அழிபடுவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆழம் போனால் உப்புத்தான் வரும் என்றாள். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் கடல்நீரின் மேலே மெல்லிய பாலாடை போல நிற்கும். ஆழமில்லாமல் அகலமாகத் தோண்டி, மேலாக அள்ள வேண்டும். அதற்குப் பெயர் துரவு. ஆங்கிலச் சொல் அவளுக்குத் தெரியவில்லை, மிஸிஸ் ஹோல்டுக்கும் தெரியவில்லை. பழைய வரியை அழித்துவிட்டு அந்தத் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதிய ஆசிரியை, உனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"நான் அப்படியொரு தீவில் பிறந்தவள்" என்று அருள்நாயகி ஆங்கிலத்தில் சொன்னாள். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

அதன்பின் மிஸிஸ் ஹோல்ட் அவளிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார். ஆடு மாடு எதைக் குடிக்கும், படகு வராத நாளில் என்ன சாப்பிடுவீர்கள், ஒருவருக்கு நோய் வந்தால் எப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள். வத்சலா அட்டையைப் பிடித்தபடி நின்றாள். பின்னர் அருள்நாயகியின் முறை வந்தது. மலை, கடிகாரம், வங்கி. நான்கு நிமிடத்தில் சுவிற்சர்லாந்து முடிந்துவிட்டது.

வகுப்பு கலைந்ததும் மிஸிஸ் ஹோல்ட் இருவரையும் கூப்பிட்டார். இடம் வத்சலாவுக்கு. துவாலுவுக்கென்றால் உனக்குத்தான் கூடப் புள்ளி போட்டிருப்பேன், ஆனால் உனக்கு வந்தது சுவிற்சர்லாந்து என்று அருள்நாயகியிடம் சொன்னார்.

பஸ் தரிப்பில் இருவரும் ஆளையாள் பாராமல் நின்றார்கள்.

"எந்தத் தீவு?" என்றாள் வத்சலா.

"எழுவைதீவு."

"அப்ப ஏன் ரவுண் எண்டு பொய் சொன்னனீர்?"

"நீர் ஏன் தீவார் எண்டு சிரிச்சனீர்?"

வத்சலா அட்டையை மறு கைக்கு மாற்றினாள். கொஞ்சம் மணல் கொட்டுண்டது.

"இடம் எனக்குத்தான். எண்டாலும் மிஸிஸ் ஹோல்ட் என்னட்டைக் கேட்டது ஒரு கேள்வி, அதையும் பிழையாச் சொல்லிப்போட்டன். உம்மட்டை எத்தினை கேட்டவ. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது."

"உண்மையாவோ?"

"ஓம். ஏன் பொய் சொல்லப்போறன்?"

வத்சலாவின் பஸ் முதலில் வந்தது. தன்னுடையதில் ஏறி மேல்தட்டில் உட்கார்ந்ததும் அருள்நாயகி கொப்பியை எடுத்தாள். முதல் நாள் எழுதிய "ரவுண்" என்பதை வெட்டினாள். பிழைவிட்டது: சுவிற்சர்லாந்து. நாளை காலை இஸ்திரிப்பெட்டி காத்திருக்கும். பிறகு, கற்றது என்பதற்குக் கீழே எழுதினாள்: "வத்சலாவுக்கு என்னில் பொறாமை."

அதை இரண்டு தரம் வாசித்தாள். கேள்விக்குறி போடவில்லை.