துரைக்கு ஒரு வீடு

கிழக்கிலங்கைக் கலையுலகம் தன் தலைமகனை இழந்து தவிக்கிறது என்ற செய்தியை, வெள்ளிக்கிழமை காலை ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று வாவிக்கரை வீதி நெடுக அறிவித்துக்கொண்டு போனது. நாடகப் பேரொளி, நடிப்புச் செம்மல், கலைவேந்தன் அழகரத்தினம் அவர்கள் காலமானார். பட்டங்களை வழங்கியது பதினொரு பேர் கொண்ட ஒரு நாடக மன்றம். அதன் தலைவர் அழகரத்தினம். பட்டங்கள் வருடாவருடம் சுற்றி வந்ததில் பொருளாளருக்கும் இரண்டு கிடைத்திருந்தன.

அன்னப்பூரணி அப்போது புருஷனின் மீசையிலிருந்த கறுப்பு மையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் ஒத்திகையில் பூசியது. ஒத்திகை முடிந்து வந்தவர், சோறும் கணவாய்க் கறியும் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் சாய்கிறேன் என்றார். பின்னேரம் தேத்தண்ணியோடு போய் எழுப்பியபோது எழும்பவில்லை. நாற்பத்தொரு வருடத்தில் அவர் இவ்வளவு சுருக்கமாக ஒரு காட்சியை முடித்ததில்லை.

நாடகம், இருநூறு வருடத்துக்கு முந்திய ஓர் ஆங்கிலக் காதல் நாவல். தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரே மேடைக்கு எழுதினார். தகப்பன் செத்தால் வீடு தூரத்து ஆண் உறவுக்காரனுக்குப் போய்விடும். மூன்று பெண்பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள். குதிரையில் வரும் துரை மூத்தவளை மணந்து காப்பாற்றுவான். ஆனால் மூத்தவளாக நடித்த தாதி நிருஷாவுக்கு அழுகை வரவில்லை. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறவேண்டும் என்பதுதான் அவள் பிறந்து வளர்ந்த ஊரின் நடைமுறை.

“வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே சேர், மறுகா நான் என்னத்துக்கு அழுற?” என்று கேட்டாள்.

இரண்டு கிழமை ஆங்கிலச் சட்டத்தை விளக்கித் தோற்ற அழகரத்தினம், கதையைத் திருப்பிப் போட்டார். வீடு பெண்களுக்கு, துரைக்குக் குதிரை மட்டும். கடைசிக் காட்சியில் துரை தொப்பியைக் கையில் பிடித்தபடி படலையில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பான். அந்தத் துரைக்குப் பொருத்தமானவர் தாமே என்றும் அறுபத்தெட்டு வயதில் அவர் கண்டுபிடித்தார். நீங்கள் குதிரையில் ஏறுங்கள், முழங்காலுக்கு எண்ணெய் போட நான் இருக்கிறேன் என்று அன்னப்பூரணி சொல்லியிருந்தாள்.

பத்து மணிக்குக் கதிரவெளியிலிருந்து அவருடைய தங்கை புஸ்பம் வந்தாள். ஒரு பாட்டம் அழுது, முகத்தைத் துடைத்து, பிரேதத்தைக் கொண்டுபோக வேன் நிற்கிறது என்றாள். ஆண்பிள்ளையைப் பிறந்த வீட்டிலிருந்துதான் எடுக்கவேண்டுமாம். தங்கள் குடி வழக்கமாம். அப்படியொரு வழக்கத்தை அவளுடைய கணவர் அப்போதுதான் கேள்விப்படுகிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அதற்குள் மன்றச் செயலாளர் சுதாகரன் வந்துவிட்டார். மீன் வாங்கும்போதும் மேடைத் தமிழ் பேசுகிறவர். மண்டபத்தில் நாளைய நாடகத்துக்கான மாளிகை தயாராக நின்றது. ரெஜிபோம் நுரைப்பலகையில் வெட்டிய நாலு தூண், மேலே இரண்டு சிங்கம். பிரேதத்தை அதன் முன்னால் கிடத்தினால் ஆறு பேர் உரையாற்றலாம். நாடகத்துக்கு வர ஒப்புக்கொண்ட பிரதம விருந்தினர் இதற்கும் ஒப்புக்கொண்டார். உரையில் நாலைந்து சொல்லை மாற்றினால் போதும்.

“அன்னாரின் இறுதிப் பயணம் மாளிகையிலிருந்து தொடங்கட்டும், அக்கா.”

“காத்தடிச்சா விழுந்திரும் தம்பி, உங்கட மாளிகை.”

உயிரோடிருந்தவரை சொந்தமாக ஒரு கூரை இல்லாதவருக்கு, செத்த மறுநாள் மூன்று இடத்தில் இடம் இருந்தது.

“அண்ணனுக்கு இஞ்ச என்ன இரிக்கி மச்சாள்?” என்றாள் புஸ்பம். குரலில் சண்டை இல்லை. “நாப்பது வருசம் உங்கட ஊட்டில இருந்தவர். போன சித்திரைக்கு வந்து சொன்னவர், நான் அங்க விருந்தாளிதான் தங்கச்சி எண்டு.”

பிளேன்ரீ கொடுத்துக்கொண்டிருந்த மகள் தனுஷியா தட்டோடு நின்றுவிட்டாள்.

அன்னப்பூரணி துணியைப் பிழிந்தாள். மறுபடி நனைத்துப் பிழிந்தாள். சுவரில் பட்டமளிப்புப் படங்கள் பதினேழு தொங்கின. ஒவ்வொன்றுக்கும் சுத்தியலோடு குசினி வாசலில் வந்து நின்று, “ஒரு ஆணி அடிக்கட்டா?” என்று கேட்பார். அவள் வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் “அடிங்க” என்பாள். பதினேழு தடவை. கேட்காமல் அடியுங்கள் என்று ஒருமுறை சொல்லியிருக்கலாம். வெங்காயம் அப்படி ஒன்றும் ஓடிப்போயிராது.

மை போயிருந்தது. நரைத்த மீசை, பார்த்துப் பழகிய மீசை. விரலால் அதை இரண்டு பக்கமும் நீவிவிட்டாள்.

“வேனத் திருப்பி அனுப்புங்க மச்சாள்,” என்றாள். “ஒரு இடமும் போகத் தேவையில்ல. இது அவர்ர ஊடு. இஞ்சருந்துதான் போவார்.”

சுதாகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வசனத்தை இரங்கலுரைக்காகக் குறித்துக்கொண்டார். புஸ்பம் தமையனின் காலடியில் சப்பணம் கட்டி உட்கார்ந்து, ஒரு தேத்தண்ணி தரச்சொன்னாள். அவளுடைய கணவர் நிம்மதியாக வேன்காரனிடம் நடந்தார்.

வீட்டு உறுதிப்பத்திரம் எட்டு வருடமாகத் தனுஷியாவின் பெயரில் இருந்தது.