ஆழம் போதாது

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மார்ச் மாதம் பதினோராம் தேதி செவ்வாய்க்கிழமை முற்பகல் பத்து நாற்பதுக்கு, வார்னர் நதிப் பல்கலைக்கழகம், பெல்ஹேவன் மாவட்டக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பாடத்தை அளந்து பார்த்து, அதற்கு ஆழம் போதாது என்று கண்டறிந்தது. எத்தனை அடி குறைகிறது என்பதை மட்டும் தெரிவிக்கவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பு என் கணினித் திரையில் வந்து இறங்கியபோது, மேசைக்கு எதிரே டுவைலா ஹென்ட்ரிக்சன் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

எங்களுடையது இரண்டு வருடக் கல்லூரி. இங்கே குறைந்த செலவில் இரண்டு வருடம் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் வருடத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். அப்படி மாறிப் போகிறவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது பதினேழு வருடமாக என் வேலை. கதவில் 'இடமாற்ற ஆலோசகர்' என்று எழுதியிருக்கிறது. நான் வழங்கும் ஆலோசனை பெரும்பாலும், "உங்களுக்கும் பதில் வரலையா? எனக்கும் வரலை" என்பதுதான்.

டுவைலாவுக்கு வயது முப்பத்தெட்டு. பாலாடைக்கட்டித் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாக வேலை. லாரியில் வருகிற பாலில் மாதிரி எடுத்து, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் பூசி, என்ன முளைக்கிறது என்று பார்ப்பார். அங்கே மேலாளராக இருப்பவர் இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு உணவு அறிவியலில் பட்டம் வேண்டும். இந்த இலையுதிர் காலத்தில் டுவைலா மூன்றாம் வருடத்தில் சேர்ந்தால் பட்டமும் நாற்காலியும் ஒரே மாதத்தில் வந்து சேரும். நுண்ணுயிரியலை ஏற்காவிட்டால் மூன்றாம் வருடத்து முதல் பாடத்திலேயே உட்கார முடியாது. அது வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். ஒரு வருடம் போகும், நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

"ஆழம் போதாதுன்னா என்ன லைல்?" என்றார்.

"பொதுப் பாடமா கணக்குல எடுத்துக்குவாங்க. பட்டத்துக்கு உதவாது."

"பந்தை உருட்டிக் கட்டையைச் சாய்க்குற பௌலிங் வகுப்பும் படிச்சேனே. அது?"

பார்த்தேன். உடற்பயிற்சி 110-க்கு முழுமையாகச் சமம் என்று போட்டிருந்தது.

"ஏத்துக்கிட்டாங்க."

"அப்ப பௌலிங்ல ஆழம் இருந்திருக்கு. யாரு இதை அளக்குறது?"

பதினேழு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. நிராகரிப்பு மழை மாதிரி. குடையை எடுப்போமே தவிர, யார் ஊற்றுகிறார்கள் என்று மேலே பார்ப்பதில்லை. அன்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

"மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கு. முதல்ல நான் போய் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு வரேன்."

"தெரிஞ்சு என்ன செய்வீங்க?"

"தெரிஞ்சுக்குவேன்."

டுவைலா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

மறுநாள் பத்தொன்பது மைல் ஓட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். சேர்க்கை அலுவலகத்தில் கீட்டன் என்று ஓர் இளைஞன். பற்கள் எல்லாம் ஒரே அளவு.

"அது தானா வருது சார்."

"எங்கேருந்து வருது?"

"அட்டவணைலேருந்து."

"அட்டவணைய யார் போட்டாங்க?"

"துறை."

"துறையில யாரு?"

"துறைதான் சார்." தேவாலயத்தில் ஒரு பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்களே, அப்படிச் சொன்னான்.

துறை என்பது நான்காம் மாடியில் மார்லிஸ் என்ற பெண்மணி. முப்பது வருடமாக அங்கே செயலாளர். துறைத்தலைவர்கள் மாறினார்கள், மார்லிஸ் மாறவில்லை. மேசைமேல் ஒரு தட்டு நிறைய பூசணிக் கேக் துண்டுகள்.

"பரிசீலிக்கிறவர் யாருன்னு சொல்லக் கூடாது கண்ணு. ரகசியம். நியாயமா இருக்கணும் இல்லையா. எந்தக் கல்லூரி, யார் நடத்துற பாடம்னு எல்லாத்தையும் நானே கறுப்புப் பேனாவால அடிச்சுட்டுத்தான் அவருக்கு அனுப்புவேன். அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவ்வளவு சுத்தம்."

"ரொம்ப நல்ல ஏற்பாடு. யாரு அவரு?"

"ரோலண்ட் வோஸ். மூணாம் நம்பர் வண்டி நிறுத்துற இடத்துல பச்சைக் காருக்குள்ள இருப்பாரு. அவருக்கு அறை கிடையாது பாவம். அவருக்கும் ஒரு துண்டு கொண்டு போ கண்ணு."

எனக்கு வோஸைத் தெரியும். பல்கலைக்கழகத்தில் திங்கள், புதன், வெள்ளி காலையில் நுண்ணுயிரியல் 301 நடத்துகிறவர் அவர்தான். நிரந்தரப் பேராசிரியர்கள் அந்தப் பாடத்தைத் தொடுவதில்லை. அவர்களுக்கு ஆராய்ச்சி இருக்கிறது. செவ்வாய், வியாழன் மாலைகளில் அவரே எங்கள் கல்லூரிக்கு வந்து நுண்ணுயிரியல் நடத்துகிறார். இரண்டு இடத்திலும் தற்காலிகம், பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தம். டுவைலா படித்தது அவரிடம்தான்.

பின் இருக்கையில் பால் கூடைகளில் விடைத்தாள்கள் அடுக்கியிருந்தன. முன் இருக்கையிலிருந்த சோதனை அறிக்கைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தார். கேக் துண்டை இரண்டு கடியில் முடித்தார்.

"போன மாசம் ஒரு பாடத்தைப் பரிசீலிச்சீங்களா ரோலண்ட்?"

"ஒண்ணு வந்துச்சு. பரிதாபம்."

"என்ன குறை?"

"வரிக்கு வரி, மாணவர் அறிந்துகொள்வார், மாணவர் மதிக்கக் கற்பார்னு இருக்கு. மூணு பக்கத்துல ஒரு கிருமி இல்ல. எழுதின ஆளுக்கு வாழ்க்கையே சலிச்சுப்போச்சுன்னு நினைச்சேன். இந்த மாதிரி ஆளுங்களை எந்தக் கல்லூரியில பாடம் எடுக்க விடுறாங்கன்னு யோசிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டேன்."

கறுப்பு அடிக்காத பிரதியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வோஸ் முதல் பக்கத்தைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி முதல் பக்கம்.

"இது என் பாடம்."

"ஆமா."

"நான் எழுதினது இப்படி இல்ல. நான் பன்னிரண்டு பக்கம் குடுத்தேன், எல்லாக் கிருமியும் இருந்துச்சு."

"எங்க டீன் அலுவலகத்துல ஒரு படிவம் வச்சிருக்காங்க. எதைப் போட்டாலும் அதுலேருந்து இப்படித்தான் வெளிய வரும்."

"அப்ப நான் என்னையே ஃபெயில் பண்ணிட்டேன்."

"உங்களை இல்ல. டுவைலாவை."

"எந்த டுவைலா? பால் கம்பெனி டுவைலாவா?" முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தட்டு பூசுறதுல அவங்க என்னைவிட வேகம். வகுப்புக்கே அவங்களைத்தான் செஞ்சு காட்டச் சொன்னேன்."

"நல்லதாப் போச்சு. மாத்திக் கையெழுத்துப் போட்டுடுங்க."

பேனாவைக்கூட எடுத்துவிட்டார். பிறகு மெதுவாக மூடினார்.

"இப்ப முடியாது லைல். சொந்தப் பாடத்தை யாரும் பரிசீலிக்கக் கூடாதுன்னு விதி. தெரியாதவரைக்கும் பிரச்சினை இல்ல. நீங்க வந்து சொல்லிட்டீங்க."

"சொல்லலைன்னா மாத்தியிருக்கவே மாட்டீங்களே."

"அதுவும் சரிதான். ஆனா தெரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா ரெண்டு இடத்துலயும் அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் வராது. எனக்கு இருக்கறதே இந்த ரெண்டு இடமும் இந்தக் காரும்தான்."

ஆக, டுவைலாவைக் காப்பாற்றக்கூடிய ஒரே மனிதரைத் தேடிக் கண்டுபிடித்து, அவரைச் செல்லாதவராக்கிவிட்டுத் திரும்பினேன். பத்தொன்பது மைல் சில சமயம் நீளமான தூரம்.

"தெரிஞ்சுக்கிட்டீங்களா?" என்றார் டுவைலா. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டது நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மேல்முறையீடு போட்டோம். பரிசீலிக்க ஆள் இல்லாததால் அது துறைத்தலைவர் டாக்டர் ஃபெரிஸ் விட்கோம் தலைமையில் மூவர் குழுவுக்குப் போனது. விட்கோம் ஒரு வெந்நீர் ஊற்றில் கிடைத்த ஒரே ஒரு கிருமியை முப்பது வருடமாக ஆராய்கிறவர். அந்தக் கிருமிக்கு இதுவரை எந்த நோயும் உண்டாக்கத் தெரியாது, எந்த நோயையும் தீர்க்கவும் தெரியாது. ஆனால் அதன் பெயரில் ஒரு கருத்தரங்கு நடக்கிறது.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் விசாரணை. குழுவுக்கு மதிய உணவு ஏற்பாடாகியிருந்தது. டுவைலா அரைநாள் விடுப்பு எடுத்து, தொழிற்சாலை ரப்பர் காலணியோடு நேராக வந்திருந்தார். விட்கோம் சாண்ட்விச்சை ஒரு கையில் வைத்துக்கொண்டு தொடங்கினார்.

"ஆழம்னா என்னங்கறது சுலபமான கேள்வி இல்ல. அது பக்க எண்ணிக்கை இல்ல. மணி நேரம் இல்ல. ஒரு மனசு இன்னொரு மனசை எவ்வளவு தூரம் அழைச்சுக்கிட்டுப் போகுதுங்கறது."

"டாக்டர்," என்றார் டுவைலா, "நான் தினமும் நாப்பது லாரிப் பாலைப் பார்க்குறேன். உங்க கையில இருக்குற சீஸும் நான் பார்த்து அனுப்பினதுதான்."

விட்கோம் சாண்ட்விச்சைப் பார்த்தார். கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார்.

"நடைமுறை அனுபவத்தை நாங்க மதிக்கிறோம். ஆனா அளவுகோல் வேணுமில்ல?"

அளவுகோல் என் பையில் இருந்தது. எங்கள் கல்லூரியின் இறுதித் தேர்வுத் தாளை மேசையில் வைத்தேன். 301-இன் இறுதித் தேர்வுத் தாளை மார்லிஸ் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஐம்பது கேள்விகள். அதே ஐம்பது. அதே வரிசை. பல்கலைக்கழகத் தாளில் மேலே ஒரு முத்திரை அதிகமாக இருந்தது.

மூவரும் கால் மணி நேரம் படித்தார்கள். உருளைக்கிழங்கு சாலட் ஆறிப்போகும் பண்டம் இல்லை என்பதால் யாருக்கும் அவசரம் இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் விட்கோம்.

"அப்ப சமம்," என்றேன்.

"சமம். மறுக்கறதுக்கு இல்ல. ஆனா இந்தப் பாடத்துக்கு ஆழம் போதாதுன்னு பல்கலைக்கழகம் மார்ச் மாசமே முடிவு பண்ணிப் பதிவாயிடுச்சு. பல்கலைக்கழகத்தோட முடிவு தப்புன்னு பல்கலைக்கழகமே சொல்ல முடியாது." கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டும் ஒண்ணு. இதுக்கு ஆழம் போதாது. அப்ப நம்ம பாடத்துக்கும்..."

மற்ற இருவரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். படித்த மனிதர் ஒருவரின் தர்க்கம் இவ்வளவு நேராக நடந்து பாறை விளிம்பைத் தாண்டியதை நான் பார்த்ததில்லை. பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த வோஸ் ஏதோ சொல்ல எழுந்தார். தான் தற்காலிகம் என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. தடித்த தாள், நீல மையில் கையெழுத்து. டுவைலா ஹென்ட்ரிக்சன் படித்த நுண்ணுயிரியல், பல்கலைக்கழகத்தின் 301-க்கு எல்லா வகையிலும் முழுமையாகச் சமம். மூன்றாம் வருடத்தில் இடம் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை டுவைலா, வோஸ், நான் மூவரும் ஏரிக்கரை மதுக்கடைக்கு மீன் வறுவல் சாப்பிடப் போனோம். டுவைலா கடிதத்தைக் கொண்டுவந்து, எண்ணெய் படாத மூலையாகப் பார்த்து மேசையில் வைத்தார். வோஸ் பிராந்திக் கோப்பையை உயர்த்தி, "ஆழத்துக்கு," என்றார்.

"லைல், நான் உங்களை அன்னிக்கு ஏதாவது சொல்லியிருந்தா மறந்துடுங்க," என்றார் டுவைலா.

"ஒண்ணும் சொல்லலையே."

"மனசுல நிறைய சொன்னேன்."

மே மாதம் பல்கலைக்கழகத்தின் புதிய பாடக் கையேடு வெளியானது. முன்னுரையை விட்கோம் எழுதியிருந்தார். துறை துணிச்சலோடு தன்னைத்தானே ஆராய்ந்து பார்த்ததாகவும், அதன் விளைவாக 301 நீக்கப்பட்டு, போதிய ஆழமுள்ள 302 அதன் இடத்தில் வருவதாகவும் அதில் இருந்தது. இந்த இலையுதிர் காலத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் அனைவரும், மூன்றாம் வருடப் பாடங்களில் உட்காருவதற்கு முன் 302-ஐ முடித்திருக்க வேண்டும். ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு 301 போதும். டுவைலா புதிதாகச் சேருகிறவர்.

மார்லிஸுக்குத் தொலைபேசினேன்.

"ஏதாவது செய்ய முடியுமா மார்லிஸ்?"

"முடியாது கண்ணு. அவங்களுக்கு 301 முழுசா கிடைச்சிருக்கு, யாரும் அதைப் பறிக்க முடியாது. 301-தான் இப்ப இல்ல."

டுவைலா தன் மேலாளரிடம் ஓய்வை ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். மீன் பிடிக்கப் படகு வாங்கியாகிவிட்டது என்றார் அவர். அந்த நாற்காலிக்கு அயோவாவிலிருந்து ஓர் ஆளைப் பேசி வைத்திருக்கிறார்கள். பட்டம் பெற்றவர். தட்டு பூச டுவைலா கற்றுக்கொடுப்பார்.

302 திங்கள், புதன், வெள்ளி காலை ஒன்பது மணிக்கு நடக்கிறது. நடத்துபவர் வோஸ். அதில் சேர்ந்திருக்கும் டுவைலா புதிய புத்தகம் எதுவும் வாங்கவில்லை.