சொல்லாமல் போகிற வழக்கம்

மோக் சுக்-யிங்கின் கான்டனீஸ் வகுப்பிலிருந்து யாரும் சும்மா வெளியே போய்விட முடியாது. வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, ‘மறுபடி பார்ப்போம்’ என்று அந்த ஹாங்காங் பாஷையில் சொல்ல வேண்டும். அதுவும் சரியான ஏற்ற இறக்கத்தோடு. கொஞ்சம் பிசகினாலும் திரும்பப் போய் உட்கார வேண்டியதுதான். நைஜீரியாவிலிருந்து வந்த இஃபெயோமாவுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. போலந்துக்காரன் தோமெக்தான் பாவம், சாப்பாட்டுக்கு எப்போதும் கடைசி ஆள்.

“டீச்சர், பசிக்குது. இன்னைக்கு மட்டும் விட்டுடுங்க.”

“பசிக்குதுன்னு எவ்வளவு அழகா சொல்ற! இதையும் அப்படியே சொல்லு, விட்டுடறேன்.”

வெளிநாட்டுப் பிள்ளைகளையெல்லாம் இப்படிப் பாடாய்ப்படுத்தியவள், தன் புருஷனிடம் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

பாக்-ஹேய் கௌலூனில் ஓர் ஆஸ்பத்திரியில் நுரையீரல் கெட்டுப்போய்க் கிடந்தார். ஹாங்காங்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவரிடம் மறுபடி பார்ப்போம் என்று யாரும் சொல்வதில்லை. அந்த இடத்தில் மறுபடி பார்க்க யாருக்கு ஆசை? சுக்-யிங் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுப்பவள்தான். ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் படிப்பாவது ஒன்றாவது. சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்? பார்வையாளர் நேரம் முடிந்து நர்ஸ் விரட்டியபோது அவர் கண்ணைத் திறந்தார்.

“கிளம்பிட்டியா?”

“கஞ்சி ஆறிடும், குடிச்சிடுங்க” என்றாள். போர்வையை இழுத்துவிட்டுக் குனிந்த தலையோடு நடந்தாள். அவர் இன்னும் ஏதோ எதிர்பார்க்கிறார் என்று முதுகில் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. விடிவதற்குள் போன் வந்துவிட்டது.

ஹங் ஹாமில் சவச்சடங்குக் கூடத்துக்கு மாணவர்கள் எல்லோரும் வந்தார்கள். கறுப்புச் சட்டை, படிய வாரிய தலை. பாக்-ஹேயின் படத்துக்கு முன்னால் மூன்று முறை குனிந்தார்கள். துக்கம் விசாரிக்கிற வார்த்தைகளை இஃபெயோமா ஓரிடம் பிசகாமல் சொன்னாள். யாரிடமோ கேட்டு ராவெல்லாம் உருப்போட்டிருப்பாள். அதோடு போயிருக்கலாம். டீச்சரின் பிள்ளைகளாயிற்றே, சொல்லாமல் போவார்களா? படத்தின் முகத்தை நேராகப் பார்த்து, எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“சார், மறுபடி பார்ப்போம்!”

தோமெக்கூடத் துளி பிசகவில்லை.

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாக்-ஹேயின் அக்கா எழுந்துவிட்டாள்.

“யாருடி இதுங்க? சாவு வீட்ல வந்து மறுபடி பாப்போமாம்! அடுத்தது யாரு போகணுமாம்? என்ன சுக்-யிங், இதைத்தான் சொல்லிக் குடுக்கறியா?”

அதுவரை அழாத சுக்-யிங் அப்போது வாய்விட்டு அழுதாள். யாராவது ஒருவர் அவரிடம் சொன்னார்களே என்றுதான் அழுதாள். அவள் சொல்லியிருக்க வேண்டியது அது. ஆனால் அது யாருக்குத் தெரியும்? பிள்ளைகள் தங்கள் தப்பால்தான் டீச்சர் உடைந்துபோனாள் என்று நடுங்கினார்கள். துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தீட்டுக் கழிய மிட்டாயும் காசும் வைத்துக் கொடுக்கிற வெள்ளை உறையை யாரோ அவர்கள் கையில் திணித்து, “மிட்டாயை வெளியிலயே தின்னுடுங்க, வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது. போங்க, போங்க” என்று தள்ளிவிட்டார்கள்.

ஏழாம் நாள் சடங்கு முடிந்து வகுப்புக்குத் திரும்பினாள். பாடம் ஒழுங்காகத்தான் நடந்தது. முடியும்போது இஃபெயோமா எழுந்தாள்.

“டீச்சர், எங்களுக்குத் தெரியாமப் போச்சு. அக்கம்பக்கத்துல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். இனிமே உங்ககிட்ட அதைச் சொல்லவே மாட்டோம். சத்தியமா.”

வேண்டாம், சொல்லுங்க, தினமும் சொல்லுங்க என்று கத்த வேண்டும்போல் இருந்தது சுக்-யிங்குக்கு. ஆனால் தலையை மட்டும் ஆட்டினாள். அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொருவராகத் தலை குனிந்து, சத்தமில்லாமல், அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அத்தனை அன்பு. சுக்-யிங் நாற்காலியில் உட்கார்ந்து, வாசலைத் தாண்டுகிற முதுகுகளைப் பார்த்தாள். கட்டிலில் படுத்தபடி பாக்-ஹேய் கடைசியாகப் பார்த்ததும் இப்படிப் போகிற ஒரு முதுகைத்தான்.