கலியமூர்த்தியின் குரலில் விழுந்த சந்து

நீடாமங்கலத்தில் ஒருவருடைய குரலைக் கணினியில் வெட்டினால், அவர் வாயிலும் அது வெட்டுப்படும். அதனால் அங்கே நகலில்தான் கை வைப்பார்கள், அசலைத் தொட மாட்டார்கள். டயர் கடை மாடியில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் நஸ்ரினுக்கும் இது தெரியும். தெரிந்து என்ன, செவ்வாய்க்கிழமை மதியம் பிரியாணி மயக்கத்தில் அசலை வெட்டிவிட்டாள்.

வெட்டுப்பட்டது கபடி வர்ணனையாளர் கலியமூர்த்தியின் குரல். கபடிக் குழு ஒன்று தன் அணிப் பாட்டில் சேர்க்க அதைக் கேட்டிருந்தது. தாளத்துக்கு ஒத்து அரை நொடி திறக்கவும் அரை நொடி மூடவும் நஸ்ரின் அதைச் சீராக நறுக்கி, சேமித்து, கணினியை அணைத்தாள். அந்நேரம் கலியமூர்த்தி வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி, ரசத்தில் உப்பில்லை என்பதைப் பத்து நிமிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னது பாதி பாதியாக வந்தது. மீதியைச் சாப்பிட்டு முடித்தார்.

மனிதர் பேச உட்கார்ந்தால், மூச்சு வாங்குவதைக்கூடப் பேசிக்கொண்டேதான் வாங்குவார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மனைவி செண்பகவல்லி தொடங்கிய எந்தப் பேச்சும் "ஏங்க" என்பதைத் தாண்டியதில்லை. காரைக்காலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டு வரவேண்டும் என்று அவளுக்குப் பதினோரு வருஷமாக ஆசை. கேட்கத்தான் இடம் கிடைக்கவில்லை.

இப்போது நொடிக்கு ஓர் இடம் கிடைத்தது. பழக்கமில்லாததால் முதல் இரண்டு நாள் அவற்றை வீணாக்கினாள். மூன்றாம் நாள் அவர் பேச்சின் நடுவே விழுந்த ஒரு சந்தில் "ஏங்க" என்பதை மெல்ல வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அடுத்த சொல்லைக் கேட்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டிக்கு முழுக்குரல் வேண்டுமே என்ற கவலையில் அவர் டயர் கடை மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

வெட்டுக்கு முந்தைய பிரதி கும்பகோணத்தில் தன் தம்பியிடம் இருக்கிறது, திங்கட்கிழமை வந்துவிடும் என்றாள் நஸ்ரின்.

"அதுவரைக்கும் அந்தச் சந்துல வேற யாரையாச்சும் பேச விடுங்கண்ணே. சும்மா கெடந்தா மைக் இரையும்."

மைக் இரைவது கலியமூர்த்திக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லியை மேடையில் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் இன்னொரு மைக்கைக் கொடுத்தார்.

"வாரான் பாரு வடுவூரு…"

"எங்க அக்காவுக்கு…"

"தொடையத் தட்டி வாரான்…"

"முட்டி வலிங்க…"

"வலது மூலை காலி…"

"பாத்துப் பதினோரு வருசம்…"

"கெண்டைக்கால புடிச்சாச்சு…"

"ஒரு பத்து நாள் போயிட்டு வரவா?"

கூட்டம் கைதட்டவில்லை. பிடிபட்ட வடுவூர்க்காரன் நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டியபடி மேடையைப் பார்த்தான். அவன் காலைப் பிடித்திருந்தவர்களும் பிடியை விடாமல் திரும்பிப் பார்த்தார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார்.

கலியமூர்த்தியின் முறை வந்தது. விட்டுவிட்டார். அடுத்த முறையும் வந்தது, அதையும் விட்டார். மூன்றாவதையும் விட்டபோது மைக் இரையத் தொடங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்து "ஏங்க" எல்லாம் வரிசையில் நின்று காதுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. கடைசி "ஏங்க"வும் உள்ளே வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பதினஞ்சு நாள் இருந்துட்டு வா."

நடுவர் விசில் ஊதி, காரைக்காலுக்கு ஒரு புள்ளி கொடுத்தார். பலகையில் எழுதிக்கொண்டார்கள். ஆட்டம் தொடர்ந்தது.

திங்கட்கிழமை நஸ்ரின் முழுக்குரலைப் பென்டிரைவில் போட்டு எடுத்துவந்தாள். கலியமூர்த்தி அதை வாங்கி, அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தார்.

"அந்தச் சந்த இன்னும் கொஞ்சம்… அகலமாக்க முடியுமா பாப்பா… அவளுக்குப் பேச்சு நீளம்…"

நஸ்ரின் தாளத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். சந்து ஒரு நொடி அகலமானது.

செவ்வாய்க்கிழமை காலை செண்பகவல்லி காரைக்கால் பேருந்தில் ஏறினாள். கலியமூர்த்தி வீட்டில் தனியாகப் பேசினார். தன் பாதியைப் பேசிவிட்டு, அவளுடைய பாதிக்கு மரியாதையாகக் காத்திருந்தார். இரண்டு நாள் அதில் ஒன்றும் வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் தானே வைத்த ரசத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது, சந்தில் கத்தியும் பலகையும் மோதும் சத்தம் கேட்டது. அடுத்த சந்தில் காரைக்காலிலிருந்து அக்காவும் தங்கையும் சிரித்தார்கள்.

"பொடியா நறுக்கு…" என்றார் கலியமூர்த்தி.

"சரிங்க."

அங்கே நறுக்கியது காரமான வெங்காயம். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை எடுத்துச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.