காதுக்கு ஊசி இல்லை

கண் மருத்துவர்களுக்கான தொடர்கல்விக் கூட்டம் என்றால் இரண்டு சங்கதிகள் கட்டாயம் இருக்கும். ஒன்று, யாரும் காது கொடுக்காத வரவேற்புரை. இன்னொன்று, நேரலை அறுவை. மாடியிலுள்ள ஆபரேஷன் தியேட்டரில் ஒருவர் சிக்கலான கண்புரையை எடுப்பார். கீழே அரங்கில் ஊர்ப்பட்ட டாக்டர்கள் பெரிய திரையில் பார்த்தபடி மைக்கில் கேள்வி கேட்பார்கள். கேள்வியெல்லாம் தியேட்டர் சுவரிலிருக்கும் ஸ்பீக்கரில் வந்து விழும். கையும் ஓட வேண்டும், வாயும் ஓட வேண்டும். கயிற்றில் நடக்கிறவனிடம்கூட நடுவழியில் யாரும் பேட்டி எடுப்பதில்லை.

இந்த வருஷம் அந்தக் கயிற்றில் ஏறியவள் மருமகள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை அப்படித்தான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால். ஆஸ்பத்திரி அவள் மாமனாருடையது. கூட்டத்தை நடத்துவதும் அவர்தான், மைக்கும் அவர் கையில்தான். புரையைக் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சப் புதிதாக வாங்கிய மெஷினை அவள் ஓட்டிக்காட்ட வேண்டும். "நம்ம மானம் உன் கையிலதான் இருக்கு அம்மாடி" என்று காலையில் காரில் வரும்போதே சொல்லிவிட்டார்.

மேஜையில் படுத்திருந்தவள் சாவிக்காரம்மா. பஸ் நிலையத்து ஓரத்தில் மாற்றுச் சாவி வெட்டி, பூட்டை உடைக்காமல் திறந்து கொடுப்பவள். தெறித்த இரும்புத்தூள் ஒரு கண்ணை எப்போதோ கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில் புரை முற்றி, கெட்டிப்பட்டு, பழுப்பேறிக் கிடந்தது. இதுவும் போனால் அவளுக்கு இருட்டுதான்.

கண் மரத்துப்போக ஊசி போட்டாகிவிட்டது. காதுக்கு ஊசி கிடையாது. முகத்தை மூடிய பச்சைத் துணிக்கு அடியில் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

புரை பிடித்த லென்ஸின் மேலுறையைத் திறக்கும்போதே மருமகளுக்குச் சுருக்கென்றது. தொட்டால் லென்ஸ் மொத்தமும் ஆடியது. அதைப் பிடித்துவைத்திருக்கும் இழைகளில் பாதி விட்டுப்போயிருந்தன. இந்தக் கல் மாதிரிப் புரையை மெஷினால் உள்ளேயே உடைக்கப் போனால், எல்லாம் சேர்ந்து கண்ணின் அடியில் போய் விழும்.

"மெஷின் வேண்டாம் சார். வெட்டைக் கொஞ்சம் பெரிசாக்கி, புரையை முழுசா கையாலேயே எடுக்கப்போறேன்."

"டாக்டர், இத்தனை பேரும் மெஷினைப் பார்க்கத்தான் வந்திருக்காங்க" என்றது ஸ்பீக்கர். வீட்டில் அம்மாடி, மைக்கில் டாக்டர். "தயங்காம போங்க. சரி, சபைக்குச் சொல்லுங்க, இப்ப புரை உள்ள விழுந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

அரங்கிலிருந்து இன்னொரு குரல் முந்திக்கொண்டது. "ரெட்டினா டாக்டருங்களுக்கு இன்னொரு கேஸ், கொண்டாட்டம்தான்!"

அரங்கே சிரித்தது. துணிக்கடியில் தலை வெடுக்கென்று அசைந்தது. மருமகள் சட்டென்று கருவியைப் பின்னுக்கு இழுத்ததால் கண் பிழைத்தது.

"டாக்டரம்மா... விழுந்துடுச்சா?"

"இல்லம்மா. விழல. அசையாம இருங்க."

மருமகளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் விரலுக்குக் கோபம் இறங்கக் கூடாது. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "சிஸ்டர், ஸ்பீக்கரையும் என் மைக்கையும் நிறுத்துங்க."

"பெரிய டாக்டர் பேசிட்டிருக்காரும்மா..."

"அதனாலதான் சொல்றேன். ஒயரைப் புடுங்குங்க."

சிஸ்டர் அதைப் பிடுங்கிய வேகத்தைப் பார்த்தால், வருஷக்கணக்காகக் காத்திருந்தவள் போலிருந்தது. மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

"இனிமே நான் மட்டும்தான் பேசுவேன். சரியா?"

"எப்படிம்மா எடுப்பீங்க?"

"உடைக்காம."

"அப்ப சரி" என்றாள் சாவிக்காரம்மா. அதற்குப் பிறகு அவள் தலை அசையவில்லை.

கீழே டாக்டர்கள் ஊமைப்படம் பார்த்தார்கள். புரை முழுசாக வெளியே வந்தது. ஆடிய உறைக்குள் ஒரு வளையத்தை வைத்து நிறுத்தி, புது லென்ஸையும் பொருத்தினாள்.

மத்தியானம் அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மாமனார் முகம் சிவந்திருந்தது, ஆனாலும் தப்பிக்க ஒரு வழி வைத்திருந்தார். "காலையில சவுண்ட் போயிடுச்சு. ஏதோ டெக்னிக்கல் கோளாறு. இல்லையா டாக்டர்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது.

"கோளாறு இல்ல சார். நான்தான் புடுங்கச் சொன்னேன். இருக்கிற ஒரே கண்ணும் போயிடுமோன்னு அந்தம்மா நடுங்கிட்டிருந்தாங்க, நாம மைக்ல சிரிச்சிட்டிருந்தோம்."

யாரும் கைதட்டவில்லை. பலர் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப அடுத்த வருஷம் நேரலைக்கு வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்றார் மாமனார்.

"பாருங்க சார். அவங்களுக்கும் ஒயர் எங்க இருக்குன்னு காட்டி வைப்பேன்."

அன்று சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட மாமனார் மகன் வழியாகத்தான் கேட்டார். மருமகளுக்கு அது உறைக்கவே இல்லை. அவள் நினைப்பெல்லாம் மறுநாள் காலையில் பிரிக்க வேண்டிய கட்டின் மேல் இருந்தது.

காலையில் கட்டைப் பிரிக்கும் அறைக்கு மாமனாரும் வந்து நின்றார், கூடவே வெளியூர் டாக்டர்கள் நாலைந்து பேர். மருமகள் பிளாஸ்திரியை உரித்தாள். சாவிக்காரம்மா சிமிட்டிச் சிமிட்டிக் கண்ணைத் திறந்தாள்.

மாமனார் முந்திக்கொண்டு விரல்களை நீட்டினார். "இது எத்தனைன்னு சொல்லும்மா பார்ப்போம்."

அவள் விரலைப் பார்க்கவில்லை. குரல் வந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஸ்பீக்கர்ல பேசினது நீங்கதானே?"

நீட்டிய விரலை மடக்காமலே அவர் தலையாட்டினார்.

"விழுந்துட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டீங்களே. விழலீங்க ஐயா" என்றாள். பிறகுதான் கையைப் பார்த்தாள். "மூணு விரல்."