துடைத்த பட்டை

கணினித் திரையில் அந்தப் பட்டை நின்றது. விண்மீன் திரளின் மையத்துக்குக் குறுக்கே, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. அதன் இரு முனைகளிலிருந்தும் சுருள் கரங்கள் கிளம்பி வளைந்தன. அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பட்டை போகவில்லை.

வட வானத்தின் இந்தத் திரளை வைத்துத்தான் நேற்று கூட்டத்தில் சண்டை. நடுவில் பட்டை இருக்கிறது, பெரிய தொலைநோக்கியில் பார்க்க நேரம் வேண்டும் என்று கேட்டவர், அவளுக்கு முன்பே ஆய்வில் சேர்ந்த, அவள் அண்ணா என்று கூப்பிடும் சீனியர். பேச்சு மெதுவாக வரும் என்பதால் எல்லோருக்கும் அவர் ஆமை. அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவள் புகுந்தாள்.

"அது பட்டை இல்லண்ணா, சேட்டிலைட் போன கோடு. என் புரோகிராம்ல போட்டுத் துடைச்சேன், காணாமப் போச்சு. கண்ணாடிய மாத்துங்க."

அறையே சிரித்தது. அவர் கேட்ட தொலைநோக்கி நேரத்தை, ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் இவளுக்குக் கொடுத்துவிட்டார். அது இல்லாமல் சீனியரின் ஆய்வு முடியாது. அடுத்த வருடம் அவர் இங்கே இருக்கவும் முடியாது.

நேற்றிரவே அம்மாவுக்குப் போன் போட்டுப் பெருமை அளந்திருந்தாள். ஊரார் துணியை இஸ்திரி போட்டு மகளைப் படிக்கவைத்த அம்மாவுக்கு விண்மீனும் தெரியாது, பட்டையும் தெரியாது. மகள் யாரையோ ஜெயித்துவிட்டாள் என்பது மட்டும் புரிந்தது. அந்தப் பையன் அழுதானா என்று ஆசையாக விசாரித்தாள். இவளும் சிரித்தாள்.

இன்று காலைதான் துடைப்பதற்கு முந்தைய படங்களைத் திறந்தாள். வெவ்வேறு இரவுகளில் எடுத்தவை. எல்லாவற்றிலும் பட்டை அதே இடத்தில். சேட்டிலைட் அப்படியா வந்து நிற்கும்? நேராக இருக்கும் எதையும் குப்பையென்று பெருக்கித் தள்ளும்படி நிரலை எழுதியவள் அவள்தான். நேற்றுப் பேசிய வாயோ, தன்னை ஏளனமாகப் பார்ப்பவர்களைக் கிழிப்பதற்கென்று அவள் வளர்த்தது. அப்படி ஒருநாளும் பார்க்காத ஒரே ஆளைப் போய்க் கிழித்திருக்கிறது.

மடிக்கணினியோடு போனபோது அவர் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தார். திரையை அவர் பக்கம் திருப்பினாள். திட்டினால் நன்றாயிருக்கும். அவரோ மூக்கு திரையில் இடிக்கக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எவ்ளோ அழகா இருக்கு பாரேன்."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. "நான்தாண்ணா அழிச்சேன்."

"தெரியுது." கண்ணை எடுக்காமலே கேட்டார்: "மேடம்கிட்ட சொல்லிட்டியா?"

இல்லையென்று தலையாட்டினாள். சொன்னால் நேரம் போகும். அவள் நிரலை நம்பி இனி யாரும் ஒரு படமும் தரமாட்டார்கள். இதுங்கள உள்ள விட்டா இப்படித்தான் என்று சொல்லப்போகும் முகங்கள் அவளுக்கு மனப்பாடம்.

மேடத்தின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நேற்றுச் சிரித்த அதே ஆட்கள், டீயும் கையுமாக. மடிக்கணினியை மூடாமல் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். தாழ்வாரத்து ஜன்னல் வெயில் திரைமேல் விழுந்தபோது பட்டை மறைந்தது. நிழலுக்கு வந்ததும் மறுபடி தெரிந்தது.